அறங்காவலர் எவருக்குக் கடமைப்பட்டவர்?

அறங்காவலர் என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேட்கிறோம். அதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்பது அரிது. கோயிலுக்கு அறங்காவலர் உண்டு. கல்வி நிறுவனத்துக்கும் மருத்துவமனைக்கும் உண்டு. காவலர் என்பவர் உரிமையாளர் அல்லர். பொருள் பிறருடையது, பொறுப்பு மட்டுமே இவருடையது. அப்பொருளைத் தம் விருப்பம்போல் செலவிடவும் கூடாது. எவருக்கும் பயன்படாதவாறு பூட்டி வைக்கவும் கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே நேர்மையாக நிற்பதே அறங்காவலரின் அருமையான பணி.

இப்பணி ஒரு பொதுநூலகத்தைச் சார்ந்ததாகவும், மக்களின் வாக்கினால் வருவதாகவும் இருந்தால், ஓர் அறநெறிக் கேள்வி எழுகிறது. தமக்கு வாக்களித்தவர்களின் விருப்பத்தை நிறைவேற்றக் கடமைப்பட்டவரா இவர்? அல்லது, வாக்களிக்காதவர்க்கும், வாக்களிக்கும் வயதை எட்டாதவர்க்கும், நாளை அந்த நூலகத்தின் படியேறப் போகிறவர்க்கும் கடமைப்பட்டவரா? இக்கேள்வி கற்பனையானதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிற்றூர்கள் பலவற்றில் இன்று இது குடும்பங்களையும் அயலாரையும் பிரித்து நிற்கும் கேள்வி. அங்குக் குடியேறி வாழும் நம் மக்களுக்கும் இது அயலான செய்தியன்று.

அந்நாட்டில் பொதுநூலகம் தோன்றிய விதத்தை முதலில் காண்போம். 1833-ஆம் ஆண்டு, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பீட்டர்பரோ என்னும் சிற்றூரில் ஊர்க்கூட்டம் கூடி, வரிப்பணத்தில் ஓர் இலவச நூலகம் நடத்துவதென முடிவு செய்தது. அந்த எண்ணத்தை முன்வைத்தவர் ஏபியல் அபட் என்னும் போதகர். பின்னர், 1848-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையால் பாஸ்டன் நகரம் தன் நூலகத்தை நிறுவி, 1854-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. செல்வர் ஆண்ட்ரு கார்னகி அந்நாட்டில் 1,600-க்கும் மேற்பட்ட நூலகக் கட்டடங்களுக்குப் பொருள் தந்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: இடத்தை ஊரே தரவேண்டும், கொடையில் பத்தில் ஒரு பங்குக்கு ஈடான தொகையை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்த ஊரே ஒதுக்க வேண்டும். கட்டடத்தைக் கொடையாளி கட்டித் தரலாம். நூலகத்தைக் காப்பது மக்களின் கடமை என்பதே அதன் உட்பொருள்.

மக்களின் பணம் செலவாகும் இடத்தில் மக்களின் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டுமன்றோ? அதற்கென அமைந்ததே நூலக அறங்காவலர் குழு. சில ஊர்களில் மேயர் அவர்களை நியமிக்கிறார். வேறு பல ஊர்களில் மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். இல்லினாய் மாநிலத்தின் நூலக மாவட்டங்களில் எழுவர். மிச்சிகன் மாநிலத்தின் டவுன்ஷிப் நூலகங்களில் அறுவர். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. பல நேரங்களில் போட்டியிட ஆளும் இருப்பதில்லை. ஆயினும் இவர்கள் கையில் உள்ள அதிகாரம் சிறிதன்று. நூலக வரியை வரையறுப்பதும், வரவு செலவுத் திட்டத்தை ஏற்பதும், நூலகத் தலைவரை அமர்த்துவதும், நூல்களைத் தெரிவு செய்யும் கொள்கையை வகுப்பதும் இவர்களே.

குருக்களாகிய நமக்கு இத்தகைய பதவி உரியதன்று. அரசு அதிகாரத்தில் பங்கு கொள்ளும் பொதுப்பதவிகளை ஏற்கலாகாது என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 285-ஆம் சட்டம் குருக்களைத் தடுக்கிறது. எனவே இது முழுமையாகப் பொதுநிலையினரின் களம். உலகியல் அலுவல்களின் நடுவே நின்று, அவற்றை உள்ளிருந்தே நெறிப்படுத்துவது பொதுநிலையினரின் தனி அழைப்பு என இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. ஆகவே நாம் இங்கு எழுதுவது கட்டளையன்று. களத்தில் நிற்போருக்குக் கரையில் நிற்பவர் தரும் துணைச்சிந்தனையே.

தேர்ந்தெடுக்கப்பட்டவரின் கடமை யாது என்னும் வினாவுக்கு இரண்டு விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. முதல் விடை, அவர் தூதர் என்பது. அனுப்பியவர் சொன்னதைச் சொல்லிவிட்டு வருபவர் அவர். இரண்டாம் விடை, அவர் பொறுப்பேற்றவர் என்பது. மக்களின் குரலைக் கேட்டபின் தம் அறிவையும் மனச்சான்றையும் கொண்டு முடிவெடுப்பவர் அவர். இந்த இரண்டாம் நிலைப்பாட்டை 1774-இல் பிரிஸ்டல் நகர வாக்காளர் முன்னிலையில் எடுத்துரைத்தவர் எட்மண்ட் பர்க். அவர் அதைச் சொன்னதோடு நிற்கவில்லை. அதற்குரிய விலையையும் கொடுத்தார். கத்தோலிக்கர் மீதிருந்த கொடுஞ்சட்டங்களைத் தளர்த்த 1778-இல் பாராளுமன்றத்தில் முயற்சி நடந்தபோது அவர் அதற்குத் துணை நின்றார். அயர்லாந்தின் வாணிப உரிமைக்காகவும் வாதாடினார். இரண்டும் பிரிஸ்டல் வணிகர்களுக்குக் கசந்தன. 1780-இல் அத்தொகுதி அவர் கையைவிட்டு நழுவியது. அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களுள் பெரும்பாலோர்க்கு அவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கே இல்லை. வாக்கற்றவர்க்காகவும் வாதாடும் ஒருவரால் நன்மை பெற்ற சமூகம் நம்முடையது என்பதை நாம் மறத்தல் தகாது.

பெரும்பான்மையின் விருப்பம் ஒன்றே அளவுகோல் ஆகுமானால் நூலகம் என்னவாகும் என்பதற்கு வரலாறு சான்று தருகிறது. வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியா நகர நூலகம் பொதுப்பணத்தில் நடந்தது. ஆனால் கறுப்பின மக்களுக்கு அதில் இடமில்லை. 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள், கறுப்பின இளைஞர் ஐவர் ஒருவர்பின் ஒருவராக உள்ளே சென்று உறுப்பினர் அட்டை கேட்டனர். மறுக்கப்பட்டதும், ஆளுக்கொரு நூலை எடுத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்து படிக்கத் தொடங்கினர். காவலர் வந்து அவர்களைக் கைது செய்தனர். அவர்கள் செய்த குற்றம், தங்கள் வரிப்பணத்தில் வாங்கிய நூலைத் தாங்களே படித்ததுதான். இதனை ஒழுங்குபடுத்தியவர் சாமுவேல் டக்கர் என்னும் இளம் வழக்கறிஞர். அந்நகரம் தன் வாயிலைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டில் கறுப்பினத்தார்க்கெனத் தனியே ஒரு சிறு கிளையைக் கட்டிக் கொடுத்தது.

அதே மாநிலத்தின் டான்வில் நகரில் 1960-இல் நிகழ்ந்தது இதனினும் வேதனைக்குரியது. நூலகத்தை எல்லாருக்கும் திறந்துவிடவேண்டுமென நீதிமன்றம் ஆணையிட்டது. நகரமன்றமோ நூலகத்தையே மூடிவிட்டது. மக்களின் கருத்தறிய வாக்கெடுப்பு நடந்தபோது, மூடியே கிடக்கட்டும் என்பது பெரும்பான்மையோரின் தீர்ப்பாயிற்று. பிறகு அது மீண்டும் திறக்கப்பட்டபோது உள்ளே நூல்கள் இருந்தன, நாற்காலிகள் இல்லை. இரு இனத்தாரும் அருகருகே அமர்ந்துவிடக்கூடாது என்பதற்காக அவை அகற்றப்பட்டிருந்தன. அயலாரோடு சமமாக அமர்வதைவிட நின்றுகொண்டே படிப்பது மேல் என்று ஒரு நகரமே எண்ணியது. வாக்குப்பெட்டி வழியாக வந்த தீர்ப்பு என்பதனாலேயே அது அறமாகிவிடவில்லை. பெரும்பான்மைக்குப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு; சிறுபான்மையின் இருக்கையைப் பிடுங்கும் உரிமை இல்லை.

இவ்வளவும் இன்று நமக்கு எளிதில் விளங்குகிறது. கடந்த காலத்தின் பாவங்களைக் கண்டறிவது எவர்க்கும் எளிது. நம் காலத்து வழக்கு அத்துணை எளிதன்று. ஏனெனில் அதில் எதிர்த்தரப்பில் நிற்போர் வெறுப்பினால் மட்டும் பேசுபவர் அல்லர். பலர் தம் பிள்ளைகளைக் குறித்து உண்மையாகவே அஞ்சும் பெற்றோர்.

மிச்சிகன் மாநிலத்து ஜேம்ஸ்டவுனில் உள்ள நூலகத்துக்குப் 'பத்மு' என்று பெயர். திருவெளிப்பாட்டு நூலை அறிந்தார்க்கு அத்தீவின் பெயர் பழக்கமானது. அந்நூலகத்தின் வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மக்களின் வாக்கினால் வரும் தனிவரியிலிருந்து கிடைத்து வந்தது. தன்பாலின ஈர்ப்பு குறித்த சில நூல்கள் அங்கு வைக்கப்பட்டிருந்ததை ஊர்மக்களில் பலர் எதிர்த்தனர். நூலகப் பொறுப்பிலிருந்த இருவர் அடுத்தடுத்துப் பணியை விட்டு நீங்கினர். 2022 ஆகஸ்டில் வரிக்கான வாக்கெடுப்பு தோற்றது. அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் தோற்றது. வெளியூர்களிலிருந்து வந்த நன்கொடைகள் நூலகத்துக்கு மூச்சுக் கொடுத்தன. 2023 நவம்பரில், மூன்றாம் முறையாகக் கேட்டபோதுதான் மக்கள் வரிக்கு இசைந்தனர். அந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில் அறங்காவலர் அறுவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். எதிரே அமர்ந்து குரல் உயர்த்துவோர் அந்நியர் அல்லர்; ஒரே சாலையில் வாழ்பவர்கள். 'நாங்கள் தேர்ந்தெடுத்தவர் நீர். எங்கள் சொல்லைக் கேளும்' என்பார்க்கு என்ன விடை சொல்வது?

சட்டம் விடை சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? சட்டமும் இன்று ஒரே குரலில் பேசவில்லை. நூல்களைத் தடைசெய்வதில்லை என்னும் கொள்கையை ஏற்காத நூலகங்களுக்கு அரசு மானியம் இல்லை என்னும் சட்டம் இல்லினாயில் 2024 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. டெக்சாசின் லானோ கவுண்டியில் பொதுநூலகத்திலிருந்து 17 நூல்கள் அகற்றப்பட்ட வழக்கிலோ, 2025 மே மாதம் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. கருத்துகளைப் பெறும் உரிமையின் பேரில் இத்தகைய நீக்கத்தை எதிர்த்து வழக்காட இயலாதென நீதிபதிகளுள் பதின்மர் கூறினர், எழுவர் மறுத்தனர். அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வழக்கை விசாரணைக்கு ஏற்கவில்லை. எனவே டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி ஆகிய மூன்று மாநிலங்களில் இக்கேள்வி பெரிதும் பொறுப்பில் இருப்பவரின் மனச்சான்றின்மேல் வந்து விழுந்துவிட்டது. சட்டம் தன் கையை எடுத்துக்கொள்ளும் இடத்தில் அறத்தின் சுமை குறைவதில்லை, கூடுகிறது.

இந்நிலையில் நம்பிக்கையுள்ள கத்தோலிக்கர் ஒருவர் அக்குழுவில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். தாம் தீங்கானதென நம்பும் நூல் ஒன்று முன்னே வருகிறது. அதை வைத்திருக்க இசைந்தால் தீமைக்குத் துணைபோனவர் ஆவேனோ என்று அவர் உள்ளம் கலங்குகிறது. இக்கலக்கம் நகைப்புக்குரியதன்று. கூரிய மனச்சான்றின் அடையாளம் அது. ஆனால் கூரிய மனச்சான்றுக்குத் தெளிந்த அறிவும் வேண்டும்.

திருச்சபையின் வரலாறே இதில் நமக்குப் பாடமாக அமைகிறது. திருத்தந்தை நான்காம் பவுல் 1559-இல் விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணையை வெளியிட்டார். நான்கு நூற்றாண்டுகள் அது சட்டமாக நின்றது. 1966-இல் திருச்சபை அதன் சட்ட வலிமையை நீக்கியது. நம்பிக்கைக்கும் நல்லொழுக்கத்துக்கும் ஊறு செய்யும் நூல்களைத் தவிர்க்கும் கடமை ஒழிந்துவிட்டதென அது சொல்லவில்லை. அக்கடமை தண்டனைக்குரிய சட்டம் என்னும் நிலையினின்று ஒவ்வொருவரின் மனச்சான்றுக்கு மாற்றப்பட்டது. தன் சொந்தப் பிள்ளைகளையே பட்டியலால் ஆளவேண்டாமென்று திருச்சபை முடிவு செய்த பின்னர், பல சமயத்தாரும் சமயம் சாராதாரும் வரி செலுத்தி நடத்தும் நூலகத்தில் அத்தகைய பட்டியலை நாம் ஏற்படுத்த விரும்புவது பொருந்துமா?

தூய தோமா அக்குவினா இதற்கு முன்பே வழி காட்டியிருக்கிறார். மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் அடக்க முற்படுதல் கூடாது. பிறருக்குக் கேடு விளைவித்துச் சமூக வாழ்வையே குலைக்கும் கொடிய தீமைகளையே அது தடுத்தல் வேண்டும் என்பது அவருடைய இறையியல் தொகுப்பில் காணும் கருத்து. தீமைக்குத் துணைபோதல் பற்றி அறநெறி இறையியல் கற்பிக்கும் வேறுபாட்டையும் இங்கு நினைவுகூரலாம். பிறர் செய்யும் தீமையை விரும்பி உடன்படுவது ஒன்று. அதனை விரும்பாமலே, தகுந்த காரணத்துக்காகத் தம் கடமையைச் செய்கையில், அதன் விளைவைப் பிறர் தவறாகப் பயன்படுத்த நேரிடுவது மற்றொன்று. எல்லாருக்குமான நூலகத்தை நேர்மையான விதிகளின்படி நடத்துபவர், அதிலுள்ள ஒவ்வொரு நூலின் கருத்துக்கும் கையொப்பம் இட்டவர் ஆகார்.

அப்படியானால் எதையும் எவரும் எங்கும் வைக்கலாமோ என்று கேட்பீர்கள். இல்லை. நூலகத்தின் இடமும் பணமும் அளவுக்குட்பட்டவை; ஆகவே தெரிவு தவிர்க்க முடியாதது. சட்டம் தடுக்கும் ஆபாசம் நூலகத்துக்கு ஆகாது. சிறுவர் பகுதியில் எது இருத்தல் வேண்டும், முதியோர் பகுதியில் எது இருத்தல் வேண்டும் என்று பகுத்தறிவது நூலகரின் அன்றாடக் கடமை. ஆனால் தெரிவு செய்வதற்கும் நீக்குவதற்கும் வேறுபாடு உண்டு. தெரிவு செய்பவர், வாசகர்க்கு எது பயன்படும் என்று தேடுகிறார். நீக்கத் துடிப்பவர், எனக்கு எது பிடிக்கவில்லை என்று தேடுகிறார். முன்னது காவல், பின்னது உரிமை கொண்டாடல்.

பெற்றோரின் உரிமையைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் பெற்றோரே எனக் கிறிஸ்தவக் கல்வி பற்றிய வத்திக்கான் சங்க ஏடு உறுதியாகக் கூறுகிறது. இவ்வுரிமையை எந்த நூலகமும் எந்த அரசும் பறித்தல் ஆகாது. தம் மகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் உரிமை ஒரு தாய்க்கு உண்டு. அதே அளவு உரிமை அடுத்த வீட்டுத் தாய்க்கும் உண்டு. நம் பிள்ளையின்மேல் நமக்குள்ள உரிமையைப் பிறர் பிள்ளையின்மேல் நீட்டும்போது நாம் பெற்றோரின் உரிமையைக் காக்கவில்லை. மற்றொரு பெற்றோரிடமிருந்து அதைப் பறிக்கிறோம்.

ஆகவே நல்ல அறங்காவலர், கோபத்தோடு வரும் பெற்றோரைப் பகைவராகக் கருதமாட்டார். அவர் சொல்வதை முழுவதும் கேட்பார். முறையீட்டுக்கென வகுத்த விதிகளின்படி, அந்நூலை முதல் பக்கம் முதல் இறுதிப் பக்கம் வரை படித்த பின்னரே கருத்துச் சொல்வார். மக்கள் முன்னிலையில் காரணம் காட்டி வாக்களிப்பார். இரவோடிரவாக நூலை மறைக்கச் சொல்லமாட்டார். நூலகப் பணியாளரை இழித்துரைப்போர் முன் அவர்களுக்கு அரணாக நிற்பார். ஒரு முடிவில் பங்குபெறத் தம் மனச்சான்று சிறிதும் இடந்தராதபோது, பதவியைப் பிடித்துக்கொண்டு விதிகளை வளைக்கமாட்டார். நாற்காலியை விட்டு இறங்குவார். அடுத்த தேர்தலில் தோற்க நேர்ந்தால் அதனையும் அமைதியோடு ஏற்பார். தோல்விக்கு ஆயத்தமாயிராத எவரும் பிறர் பொருளுக்கு உண்மையான காவலராக இருத்தல் அரிது.

இதுகாறும் நாம் நூல்களைப் பற்றிய பூசலையே பேசினோம். அறங்காவலரின் பெரும்பாலான நாள்கள் இத்தகையவை அல்ல. கூரை ஒழுகுகிறது, மாலை நேரத்தில் நூலகத்தைத் திறந்து வைக்க ஆள் போதவில்லை, வரியை உயர்த்தினால் முதியோர்க்குச் சுமை, உயர்த்தாவிட்டால் பிள்ளைகளுக்கு இழப்பு. இவற்றை எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. திருச்சபைச் சொத்துகளைப் பேணுவோர் நல்ல குடும்பத் தலைவருக்குரிய கருத்தோடு பணியாற்றவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1284 பணிக்கிறது. நல்ல குடும்பத் தலைவர், பந்தியில் மூத்த மகனின் குரல் ஓங்கியிருக்கிறதென்று அவனுக்கே எல்லாவற்றையும் படைத்துவிடுவதில்லை. பேசத் தெரியாத கடைக்குட்டியின் இலையையும் அவர் கண் கவனிக்கிறது. நூலகத்தில் அந்தக் கடைக்குட்டி யார்? வீட்டில் கணினி இல்லாத மாணவர்; வேலை தேடி விண்ணப்பம் எழுத வருபவர்; மொழி புதிதான குடியேறியவர்; தம் துயரத்தை எவரிடமும் சொல்ல இயலாமல் ஒரு நூலில் ஆறுதல் தேடும் இளைஞர். கூட்டத்தில் எழுந்து பேச இவர்கள் வருவதில்லை. இவர்களுக்காகவும் ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதே அந்த நாற்காலியின் பொருள்.

நம் மாநிலத்துக்கும் இச்சிந்தனை அயலானதன்று. நூலகவியல் அறிஞர் சி. இரா. அரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் சென்னைப் பொதுநூலகச் சட்டம் உருவாயிற்று. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே செல்கிறது. நூலக ஆணைக்குழுவுக்கு நாம் நேரடியாக வாக்களிப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு கிளை நூலகத்திலும் நம் பணம் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, அறங்காவலரின் இடத்தில் நாமும் வேறு பெயர்களில் அமர்கிறோம் என்பதே. பங்குப் பேரவை, நிதிக்குழு, பள்ளி நிர்வாகக் குழு, கூட்டுறவுச் சங்கம், ஊராட்சி மன்றம் ஆகிய யாவும் பிறர் பொருளை நம் கையில் ஒப்படைக்கும் இடங்கள். நம் தெருவினரும் நம் உறவினரும் நம் சாதியினரும் நமக்கு வாக்களித்திருக்கலாம். வாக்கு எங்கிருந்து வந்ததோ அங்கேயே நன்மையும் திரும்பிச் செல்லவேண்டும் என்று நினைக்கும் நொடியில் நாம் காவலர் நிலையினின்று வீழ்ந்து பங்காளிகள் ஆகிவிடுகிறோம்.

விண்ணரசைக் குறித்துக் கற்றுத் தேர்ந்த ஒருவரை, தம் கருவூலத்திலிருந்து புதியனவும் பழையனவும் வெளிக்கொணரும் வீட்டு உரிமையாளருக்கு ஆண்டவர் ஒப்பிட்டார். மத்தேயு நற்செய்தியில் வரும் அவ்வுவமை நூலகக் காவலருக்கும் நன்கு பொருந்தும். கருவூலத்தின் சிறப்பு அதன் பூட்டில் இல்லை. அதிலிருந்து எடுத்து வழங்கும் கையில் இருக்கிறது. பிறர் நம்மிடம் ஒப்படைத்த சாவி எதுவாயினும், அதனை எவருக்கெதிராகத் திருப்பினோம் என்றன்று, எவருக்காகத் திறந்தோம் என்றே ஒருநாள் நம்மிடம் கணக்குக் கேட்கப்படும்.